கேமிங் குழுவுக்குள் அரட்டை அறை: எங்கெங்கே பிழைக்கிறது

அரட்டை அறையைக் கட்டிச் சோதித்துப் பார்ப்பவர் பெரும்பாலும் வீட்டில் ஃபைபர் இணைப்பில், மடிகணினிக்கு முன்னால், ஆங்கில விசைப்பலகையோடு இருக்கிறார். அதைப் பாவிக்கப்போகிற பெடியன் ரியூசன் முடிந்து பருத்தித்துறை பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறான். கையில் சாதாரண அன்ட்ரொயிட் போன், வழியில் இரண்டு மூன்று இடத்தில் சிக்னல் விழும், தட்டுவது அரைவாசி தமிழ், அரைவாசி ஆங்கில எழுத்தில் தமிழ். கீழே வரும் பிழைகளில் முக்கால்வாசி, கட்டுபவர் இந்தப் பெடியனை நினைக்காமல் கட்டுவதால் வருபவை.

தேவையில்லாமல் கட்டத் தொடங்குவது

இருநூறு பேர் உள்ள பப்ஜி அல்லது வலோரன்ட் குழுவுக்குச் சொந்தமாக அரட்டை எழுத வேண்டியதில்லை. டிஸ்கோர்ட் என்ற அரட்டைச் செயலி போதும். போட்டிப் பதிவு, அணிகள், மட்ச் அட்டவணை எல்லாம் உங்கள் தளத்திலேயே இருந்து, அதே கணக்கில் நுழைந்தவர்தான் அந்த மட்ச்சின் அறையில் கதைக்கலாம் என்ற தேவை வந்தால் மட்டும் சொந்தமாகக் கட்டுவதில் நியாயம் உண்டு.

ஆனால் முழுக்க வெளி மேடையை நம்புவதும் பிழைதான். இலங்கையில் 2018 மார்ச், 2019 ஏப்ரல், 2019 மே, 2022 ஏப்ரல் எனப் பல தடவை சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. அப்படியொரு நாளில் போட்டி இருந்தால் அணித்தலைவர்களுக்கு எப்படிச் சொல்வீர்கள்? மின்னஞ்சல் முகவரியும் தொலைபேசி இலக்கமும் உள்ள ஒரு சின்னப் பட்டியல் உங்கள் கையில் இருந்தால் சமாளிக்கலாம்.

பாலம் போடும்போது

மைன்கிராஃப்ட் சேர்வரின் அரட்டையை டிஸ்கோர்டோடு இணைக்க டிஸ்கோர்ட் எஸ்ஆர்வி என்ற பிளகின் (கூடுதல் நிரல்) இருக்கிறது. மற்ற இடங்களில் சொந்தமாக ஒரு பொட் (தானாக இயங்கும் நிரல்) எழுதுவார்கள். சொந்தப் பொட்டில் திரும்பத் திரும்ப வரும் முறைப்பாடு: "பொட் ஒன்லைனில் நிற்கிறது, ஆனால் செய்தி வெறுமையாக வருகிறது." காரணம், 2022க்குப் பிறகு செய்தியின் உள்ளடக்கத்தை வாசிக்கும் அனுமதி தனியாக வேண்டும். டிஸ்கோர்டின் டெவலப்பர் போர்ட்டலில் 'மெசேஜ் கன்டென்ட் இன்டென்ட்' என்பதை ஓன் செய்து, நிரலிலும் அதைக் கேட்காவிட்டால் பொட்டுக்கு உறை மட்டும் கிடைக்கும், கடிதம் கிடைக்காது.

அடுத்தது எதிரொலி. பொட் தான் அனுப்பிய செய்தியைத் தானே படித்துத் திரும்ப அனுப்பும். அது மற்றப் பக்கத்தில் மீண்டும் செய்தியாகி, ஒரு நிமிடத்துக்குள் அறை நிரம்பிவிடும். அனுப்பியவர் பொட் அல்லது வெப்ஹூக் (வெளி நிரல் செய்தி போடும் வழி) என்றால் கைவிடு என்ற ஒரே வரி இதைத் தடுக்கும். விளையாட்டுக்குள் இருந்து ஒருவர் எல்லோரையும் அழைக்கும் 'எவ்ரிவன்' குறியைத் தட்டினால், பாலம் அதை அப்படியே கடத்தி, நடுச்சாமத்தில் ஆயிரம் போன்களை அடிக்க வைக்கும். செய்தி அனுப்பும்போது 'அலௌட் மென்ஷன்ஸ்' பகுதியை வெறுமையாக வையுங்கள்.

பொட்டுக்கு அட்மின் அனுமதி கொடுப்பது சோம்பேறித்தனம். சனலைப் பார்க்கவும், செய்தி அனுப்பவும், வெப்ஹூக் கையாளவும் அனுமதி இருந்தாலே போதும். அதன் டோக்கனை (பொட்டின் கடவுச்சொல் போன்றது) நிரல்களை வைக்கும் கிட்ஹப் தளத்தில் தெரியாமல் ஏற்றிவிட்டால், கோப்பை அழித்துப் பயனில்லை, அது வரலாற்றில் இருக்கும். டோக்கனையே மாற்ற வேண்டும்.

இணைப்பு அறுவது வழமை

சொந்தமாகக் கட்டுபவர்கள் வெப்சொக்கெட் (திறந்தே இருக்கும் இருவழி இணைப்பு) பாவிப்பார்கள். உள்ளூரில் ஓட்டும்போது எல்லாம் சரி. சேர்வரில் என்ஜின்எக்ஸ் என்ற புரொக்சிக்கு (இடையில் நின்று கடத்தும் நிரல்) பின்னால் வைத்ததும், அறை அமைதியாக இருக்கிற நேரத்தில் சரியாக 60 வினாடியில் எல்லோரும் துண்டிக்கப்படுவார்கள். சத்தம் உள்ள நேரத்தில் இது நடக்காது. அதனாலேயே காரணத்தைக் கண்டுபிடிக்க நாட்கணக்காகும். புரொக்சியின் வாசிப்புக் காலவரம்பு இயல்பாகவே 60 வினாடி. அதற்குள் ஒரு பைட்கூட வராவிட்டால் அது கதவைச் சாத்திவிடும். 25 வினாடிக்கு ஒருதடவை ஒரு பிங் (இருக்கிறாயா என்று கேட்கும் சின்னச் செய்தி) போய்வந்தால் பிரச்சினை தீரும். 'அப்கிரேட்', 'கனெக்ஷன்' என்ற இரண்டு தலைப்புகளையும் புரொக்சி கடத்துகிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் இணைப்பு தொடங்கவே மாட்டாது.

பிங் இன்னொன்றுக்கும் தேவை. வீட்டு வைஃபையை விட்டு வெளியே போனவரின் போன் டேட்டாவுக்கு மாறும்போது பழைய இணைப்பு முறைப்படி மூடப்படாது. சேர்வருக்கு அவர் இன்னும் இருக்கிறார், பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. அணி அவரை நம்பிக் காத்திருக்கும். சொக்கெட் ஐஓ என்ற ஆயத்த அரட்டை நிரலகத்தின் இயல்பான அளவுகளில், அதாவது 25 வினாடிக்கு ஒரு பிங், பதிலுக்கு 20 வினாடி என்ற கணக்கில், ஆள் போனதைக் கண்டுபிடிக்க 45 வினாடி வரை ஆகலாம். மட்ச் அறைக்கு இது அதிகம். 10 வினாடி, 8 வினாடி என்று குறைக்கலாம், ஆனால் மிகவும் குறைத்தால் சிக்னல் பலவீனமானவர்கள் வந்து வந்து போவார்கள்.

இனிக் கரண்ட் போகும் நேரம். ஒரு பகுதியில் ரவுட்டர்கள் அணைந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் டேட்டாவுக்கு மாறுவார்கள். கரண்ட் வந்ததும் ஒரே நேரத்தில் திரும்புவார்கள். சேர்வரை நீங்கள் மறுதொடக்கம் செய்தாலும் இதே கதிதான். எல்லாச் செயலிகளும் ஒவ்வொரு வினாடியும் மீள இணைய முயன்றால், எழும்பிக்கொண்டிருக்கிற சேர்வர் மறுபடி விழும். 1, 2, 4, 8 என்று இடைவெளியை இரட்டித்து, 30 வினாடியோடு நிறுத்துங்கள். ஒவ்வொன்றோடும் ஒரு எழுமாறான அளவைச் சேருங்கள். அந்த எழுமாறு இல்லாவிட்டால் இரட்டித்தும் பயனில்லை, எல்லோரும் சேர்ந்தே காத்திருந்து சேர்ந்தே வந்து மோதுவார்கள்.

மீள இணைந்தவருக்கு இடையில் போனவை கிடைக்க வேண்டும். ஒவ்வொரு செய்திக்கும் சேர்வர் ஒரு தொடரிலக்கம் கொடுக்கட்டும். செயலி தான் கடைசியாகக் கண்ட இலக்கத்தைச் சொல்லி, அதற்குப் பிந்தியவற்றைக் கேட்கட்டும். போனின் மணிக்கூட்டை வைத்து வரிசைப்படுத்த வேண்டாம், அது பலரிடம் பிழையாக ஓடும். அதேபோல, அனுப்பிய செய்திக்கு உறுதி வராமல் செயலி மீண்டும் அனுப்பும்போது ஒரே வசனம் இரண்டு தடவை விழும். அனுப்பும் பக்கமே ஒவ்வொரு செய்திக்கும் ஒரு தனி அடையாளம் இட்டு, சேர்வர் அதே அடையாளத்தை இரண்டாந்தடவை கண்டால் புறக்கணிப்பதுதான் தீர்வு.

ஐபி முகவரியை (இணைப்பின் இணைய இலக்கம்) ஆளாக நினைப்பது பெரிய பிழை. செல்பேசி நிறுவனங்கள் பல சந்தாதாரரை ஒரே பொது ஐபிக்குப் பின்னால் வைக்கின்றன. ஒரு குழப்படிகாரனின் ஐபியைத் தடை செய்தால், ஒரு பாவமும் அறியாத இருபது பேர் வெளியே நிற்பார்கள். அவன் விமானப் பயன்முறையை ஒருதடவை போட்டெடுத்து வேறு ஐபியோடு உள்ளே வருவான். நுழைவை ஐபியோடு கட்டினாலும் இதே தொல்லை: வைஃபையிலிருந்து டேட்டாவுக்கு மாறும் ஒவ்வொரு தடவையும் கடவுச்சொல் கேட்கும். தடையைக் கணக்குக்குப் போடுங்கள். வேகக் கட்டுப்பாட்டையும் கணக்குக்கே வையுங்கள். பத்து வினாடிக்கு ஐந்து செய்தி என்பது தொடங்குவதற்கு நல்ல அளவு.

தமிழ் எழுத்து

'தமிழ்' என்ற சொல்லில் நமக்குத் தெரிவது மூன்று எழுத்து. யூனிக்கோட்டில் அது ஐந்து குறியீடு, அதைச் சேமிக்கும் யூடிஎஃப்8 முறையில் 15 பைட். செய்திக்கு 200 எழுத்து என்று எல்லை வைத்து நிரலின் நீள எண்ணிக்கையால் அளந்தால், ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு 200 கிடைக்கும், தமிழில் எழுதுபவருக்கு ஏறத்தாழ 120தான். கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ண ஜாவாஸ்கிரிப்டில் 'செக்மென்டர்' வசதி உண்டு. அல்லது எல்லையை 500 ஆக்கிவிட்டுப் பேசாமல் இருங்கள், அதுவே இலகு.

'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க வோடு ஒரே ஒகரக் குறி, அல்லது முன்னால் ஒற்றைக்கொம்பும் பின்னால் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்று, தேடலுக்கும் வடிகட்டிக்கும் வேறு வேறு. பெயரையும் செய்தியையும் சேமிக்குமுன் என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிக்கோட் வடிவத்துக்கு மாற்றினால் இது சரியாகும். ஆனால் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் 'ள' எழுத்தும் போட்டு எழுதுவதை என்எஃப்சி திருத்தாது. ஒரே பெயரில் இரண்டு பேர் நிற்கும் ஆள்மாறாட்டம் இந்த ஓட்டையால் வரும்.

மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் வெறும் 'யூடிஎஃப்8' என்று அட்டவணை அமைத்தவர்கள் தமிழைத் தட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடுவார்கள். தமிழ் எழுத்துக் குறியீடு மூன்று பைட், அதற்குள் அடங்கும். சிரிப்பு எமோஜி நான்கு பைட். முதல் எமோஜி வந்ததும் செய்தி சேமிக்கப்படாமல் பிழையில் நிற்கும். 'யூடிஎஃப்8எம்பி4' என்ற வகையைத் தெரிவு செய்யுங்கள்.

ஒலிபெயர்ப்பு முறையில் தட்டுபவர் பரிந்துரையிலிருந்து ஒரு சொல்லைத் தெரிவு செய்ய என்டர் அழுத்துவார். உங்கள் நிரல் என்டரைக் கண்டதும் அனுப்பினால் அரைச்சொல் போய் விழும். சொல் இன்னும் முடியவில்லை என்று காட்டும் 'இஸ் கம்போசிங்' நிலை உண்மையாக இருக்கும்போது என்டரைப் பொருட்படுத்தாதீர்கள். யூனிக்கோட் அல்லாத பாமினி எழுத்துருவில் எழுதிய பழைய அறிவித்தலை ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். அது உங்கள் அறையின் குற்றமில்லை, யூனிக்கோட்டுக்கு மாற்றி ஒட்டச் சொல்லுங்கள்.

கண்காணிப்பு

ஆயத்தமாகக் கிடைக்கும் கெட்டசொற் பட்டியல் ஆங்கிலத்துக்கானது. இங்கே புண்படுத்தும் சொற்கள் சாதி, ஊர், குடும்பம் பற்றியவை. அவை எந்தப் பட்டியலிலும் இல்லை. ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதும்போது ஒரே சொல்லுக்குப் பத்து எழுத்துக்கூட்டல் வரும். எல்லாவற்றையும் பட்டியலில் அடைக்க முயன்றால், நல்ல சொல்லொன்றின் நடுவில் அந்த எழுத்துகள் வந்ததற்காக ஆட்கள் தடைபடுவார்கள். வடிகட்டி தண்டிக்க வேண்டாம், சந்தேகமானதை மட்டுறுத்துனரின் வரிசைக்கு அனுப்பட்டும். டிஸ்கோர்டில் என்றால் 'ஓட்டோமொட்' என்ற தானியங்கி வடிகட்டியில் உங்கள் சொற்களை நீங்களே சேர்க்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர் பத்து நிமிடம் கழித்தே எழுதலாம் என்ற சரிபார்ப்பு மட்டத்தையும், போட்டி நேரத்தில் ஒரு செய்திக்கும் அடுத்ததற்கும் இடையில் 5 அல்லது 10 வினாடி காக்க வைக்கும் மெதுப் பயன்முறையையும் வையுங்கள்.

மட்டுறுத்துனர் எல்லோரும் யாழ்ப்பாணத்தில் இருந்தால் இரவு ஒரு மணிக்கு அறை அனாதை. இதற்கு எங்களிடம் ஒரு வசதி இருக்கிறது, அதை ஏனோ பலர் பாவிப்பதில்லை. இங்கே நள்ளிரவு 12 மணி என்றால், கோடையில் ரொறன்ரோவில் பிற்பகல் 2.30, லண்டனில் மாலை 7.30. குழுவில் ஏற்கெனவே இருக்கும் புலம்பெயர்ந்த பிள்ளைகளில் இருவரிடம் பொறுப்பைக் கொடுங்கள். அட்டவணையில் போட்டி நேரத்தை எழுதும்போது மட்டும் கவனம்: அங்கெல்லாம் குளிர்காலத்தில் மணிக்கூடு ஒரு மணித்தியாலம் மாறும், இங்கே மாறாது.

முறைப்பாட்டுப் பொத்தான் அழுத்தப்பட்ட செய்தியை மட்டும் சேமித்தால் எதுவும் விளங்காது. முன்னால் வந்த 20 செய்தியையும் சேர்த்துப் பிரதியெடுங்கள், எழுதியவர் பிறகு அழித்தாலும் அது இருக்கட்டும். சிறுவர்கள் உள்ள குழுவில் முன்பின் தெரியாதவர் தனிச்செய்தி அனுப்புவதை ஆரம்பத்திலேயே மூடி வையுங்கள். சிறுவர் துன்புறுத்தல் போலத் தெரிந்தால், அழிக்குமுன் சான்றை எடுத்துவிட்டு சிறுவர் உதவி இலக்கமான 1929க்கு அறிவியுங்கள். 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில், உரையாடலை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்று விதிமுறையில் ஒரு வரி எழுதுவது நல்லது.

குரல்

குரலுக்கு நொடிக்கு 64 கிலோபிட் என்பது மணிக்கு ஏறத்தாழ 29 எம்பி. தாங்கக்கூடியது. ஆனால் சேர்வர் இல்லாமல் ஒருவருக்கொருவர் நேரடியாக இணைத்தால், ஐந்து பேர் அணியில் ஒவ்வொருவரும் தன் குரலை நான்கு தடவை ஏற்ற வேண்டும். டேட்டாவில் விளையாட்டே திணறும். நேரடி இணைப்பு செல்பேசி வலையமைப்பில் பலருக்குக் கிடைக்கவும் மாட்டாது. குரலை இடையில் நின்று கடத்தும் டேர்ன் சேர்வர் ஒன்றை 3478ஆம் போர்ட்டில் மட்டுமில்லாமல் 443இலும் திறந்து வையுங்கள்.

அறையின் எண்ணிக்கை பற்றி ஒரு வசனம்: அறிவித்தல், பொது, ஆள் தேடுதல் என்ற மூன்றோடு தொடங்குங்கள், பொதுவில் கூட்டம் தாங்காதபோது நான்காவதைத் திறக்கலாம்.

திறக்குமுன்

மூன்று பழைய போன் எடுங்கள். ஒன்றில் விமானப் பயன்முறையை 30 வினாடி போட்டு எடுங்கள். இன்னொன்றில் வைஃபையை அணைத்து டேட்டாவுக்கு மாற்றுங்கள். மூன்றாவதில் திரையை ஐந்து நிமிடம் பூட்டி வையுங்கள். அந்த நேரத்தில் மடிகணினியிலிருந்து தமிழும் எமோஜியும் கலந்து 50 செய்தி அனுப்புங்கள். பெயரில் ஒரு எச்டிஎம்எல் குறியும் போட்டுப் பாருங்கள், அது எழுத்தாகவே தெரிய வேண்டும், இயங்கக்கூடாது. மூன்று போனிலும் 50 செய்தியும் ஒரே வரிசையில், ஒன்றும் இரட்டிக்காமல் வந்திருந்தால் இணைப்பைக் குழுவுக்கு அனுப்பலாம். 49 என்றால் அன்றைக்குத் திறக்க வேண்டாம்.