மழைமானியில் தொடங்குங்கள்: மலையக ஆரம்ப வகுப்பறைக்கு ஓராண்டு வேலை

இலங்கை மலையகத்தில் ஆரம்ப வகுப்பு எடுப்பவருக்குக் காசு செலவில்லாமல் கிடைக்கிற கற்றல் சாதனம் மழை. தினம் ஒரு தடவை அளந்து எழுதி வந்தால் தமிழ், கணிதம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள், இரண்டாம் மொழி எல்லாவற்றுக்கும் அதிலிருந்தே வேலை எடுக்கலாம். மாதத்துக்கு ஒரு புதுச் செயற்பாடு என்று ஓடுவதைவிட, ஒன்றைப் பிடித்து ஆண்டு முழுவதும் விடாமல் செய்வதே பிள்ளைகளுக்கு நல்லது. பெப்ரவரியில் எழுதிய எண்ணையும் ஜூனில் எழுதிய எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் அளவு என்றால் என்னவென்று மனதில் பதியும்.

மழைமானி செய்தல்

1.5 லீற்றர் பிளாஸ்டிக் போத்தல் ஒன்று எடுங்கள். பக்கங்கள் நேராகவும் வழவழப்பாகவும் இருக்க வேண்டும். வளையம் வளையமாக மடிப்பு விழுந்த போத்தலில் ஓரிடம் அகலமாகவும் இன்னோரிடம் ஒடுக்கமாகவும் இருப்பதால் அளவு பிழைக்கும். கழுத்துச் சரிவு முடிந்து நேர்ப்பகுதி தொடங்கும் இடத்தில் சுற்றிவர வெட்டுங்கள். இதை ஆசிரியரே செய்ய வேண்டும். வெட்டிய விளிம்பு கையைக் கிழிக்கும், ஆகவே செலோடேப் ஒட்டி மூடுங்கள். மூடியைக் கழற்றிவிட்டு, மேல்பகுதியைத் தலைகீழாகப் புனல்போல் உள்ளே வையுங்கள். புனல் தண்ணீர் ஆவியாவதைக் குறைக்கும், இலைதழை விழாமலும் தடுக்கும்.

போத்தலின் அடி சமமாக இருக்காது. பலர் தவறுவது இங்கேதான். அடியிலிருந்தே அளந்தால் முதல் சில மில்லிமீற்றர்கள் எப்போதும் பொய்யாகும். அதனால் அடியில் சிறு கற்களைப் போட்டு, கற்கள் முழுவதும் மூழ்கி, தண்ணீர் நேர்ப்பகுதியைத் தொடும்வரை ஊற்றுங்கள். அந்த மட்டத்தில் கோடு போடுங்கள், அதுதான் பூச்சியம். கல் ஒன்றுகூடக் கோட்டுக்கு மேலே நீட்டக்கூடாது. நீட்டினால் அது இடத்தை அடைத்து மழையைக் கூட்டிக் காட்டும். 15 சென்ரிமீற்றர் பிளாஸ்டிக் அடிமட்டத்தைப் போத்தலின் வெளிப்பக்கத்தில் நிமிர்த்தி ஒட்டுங்கள். அடிமட்டத்தின் நுனிக்கும் 0 என்ற குறிக்கும் இடையில் சிறு இடைவெளி இருக்கும். கோட்டோடு பொருந்த வேண்டியது 0 குறி, நுனியல்ல.

வைக்கும் இடம் திறந்த வெளியாக இருக்க வேண்டும். பக்கத்தில் கட்டடமோ மரமோ இருந்தால் அதன் உயரத்தைப்போல் இரு மடங்கு தூரம் தள்ளி வையுங்கள். கூரைத் தாழ்வாரத்துக்குக் கீழே வைத்தால் அளப்பது தகரத்திலிருந்து வடியும் தண்ணீரைத்தான். நான்கு செங்கல்லை அடுக்கி நடுவில் இறுக்கமாக வைத்தால் காற்றிலும் நாயிலும் சாயாது. வாய் நிலத்திலிருந்து ஓர் அடி உயரத்திலாவது இருந்தால் சேறு தெறித்து உள்ளே விழாது.

அளப்பது எப்படி

வளிமண்டலவியல் திணைக்களம் நாள் மழையைக் காலை 8.30 மணிக்குக் கணக்கிடுகிறது. நீங்களும் அதே நேரத்தில் அளவெடுங்கள். இரண்டு பிள்ளைகள் போதும்: ஒருவர் வாசிக்க, மற்றவர் சரிபார்க்க. கிழமைக்கு ஒரு சோடி மாறட்டும். குனிந்து, கண் தண்ணீர் மட்டத்துக்கு நேராக வர வேண்டும். நின்றபடி மேலிருந்து பார்த்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வோர் எண் வரும். தண்ணீரின் ஓரம் போத்தலில் ஏறி நிற்கும், வளைவின் நடு அடியை வாசிக்கப் பழக்குங்கள். வாசித்த பிறகு தண்ணீரைக் கொட்டி, மறுபடி பூச்சியக் கோடுவரை நிரப்ப வேண்டும். வெயில் காலத்தில் மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கிவிடும். தினம் பார்த்து நிரப்பாவிட்டால் அடுத்த சிறு மழை கணக்கில் வராமல் போகும்.

திங்கட்கிழமை காலையில் இருப்பது மூன்று நாள் மழை. அதைத் திங்களின் கட்டத்தில் எழுதாமல், சனி முதல் திங்கள் வரை ஒரே கட்டமாக எழுதுங்கள். இந்தப் போத்தல் ஏறக்குறைய 150 மில்லிமீற்றர்தான் கொள்ளும். வட்டவளைப் பக்கம் ஜூன் மாத வார இறுதியில் நிரம்பிவிடலாம். அப்போது "நிரம்பி வழிந்தது" என்று எழுதுங்கள். ஊகித்து ஓர் எண் எழுதப் பிள்ளையைப் பழக்கவே கூடாது.

இனிச் சுவருக்கு வருவோம். நீலத் தாளில் இரண்டு சென்ரிமீற்றர் அகலக் கீற்று எடுத்து, அன்றைய மழையின் உயரத்துக்கே சரியாக வெட்டித் தேதிக்கு மேல் ஒட்டுங்கள். 12 மில்லிமீற்றர் மழை என்றால் 12 மில்லிமீற்றர் கீற்று. மாத முடிவில் எல்லாவற்றையும் கழற்றி, நுனியோடு நுனி ஒட்டி நிலத்திலிருந்து நிமிர்த்துங்கள். மேற்குச் சரிவுப் பாடசாலையில் ஜூன் மாதக் கீற்று முதலாம் தரப் பிள்ளையின் நெஞ்சைத் தொடலாம். "என்னைவிட மழை உயரமா, டீச்சர்?" என்ற கேள்வி வரும் இடம் அதுதான். அந்தக் கேள்விக்காக ஒரு பாடவேளையையே விட்டுக்கொடுக்கலாம்.

தரம் 1, 2 பிள்ளைகள் கீற்றில் கூட, குறைய என்று ஒப்பிட்டால் போதும். தரம் 3 சென்ரிமீற்றரிலும் தரம் 4 மில்லிமீற்றரிலும் எழுதட்டும். தரம் 5 மாத மொத்தம், சராசரி காணட்டும். தரையில் வெண்கட்டியால் ஒரு மீற்றர் சதுரம் கீறி, அதில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் சரியாக ஒரு லீற்றர் தண்ணீர் என்பதைக் காட்டலாம். இரண்டு மூன்று தரங்களை ஒரே அறையில் வைத்திருப்போருக்கு இது பெரிய உதவி, ஒரே கீற்றில் எல்லோருக்கும் வேலை இருக்கிறது.

போத்தலில் 75 மில்லிமீற்றரில் ஒரு சிவப்புக் கோடு போடுங்கள். 24 மணித்தியாலத்தில் மழை அதைத் தாண்டினாலே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு குறித்து விழிப்பாக இருக்கச் சொல்கிறது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியாபெத்தையில் மண்சரிவில் லயங்கள் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) மண்ணுக்குள் போன மண்ணில்தான் இந்தப் பிள்ளைகள் வளர்கிறார்கள். பயமுறுத்த வேண்டாம். கோட்டைத் தாண்டினால் உடனே அதிபரிடம் சொல்வது அளவெடுக்கும் சோடியின் கடமை என்று வைத்தால் போதும். உத்தியோகபூர்வ எச்சரிக்கைக்கு இந்தப் போத்தல் ஈடல்ல என்பதையும் சொல்லிவிடுங்கள்.

மாதங்கள்

தவணைத் தேதிகள் சில ஆண்டுகளில் தள்ளிப்போகும், வானத்தைப் பார்த்துத் திட்டமிடுவதே பாதுகாப்பு. ஜனவரி முதல் மார்ச் வரை மேற்குச் சரிவு காய்ந்திருக்கும், வெளிவேலையை அப்போதே முடியுங்கள். முளைக்க வைப்பதற்கு நுவரெலியாப் பக்கம் போஞ்சி வேண்டாம், குளிரிலும் கூடிய ஈரத்திலும் விதை அழுகிவிடும். முள்ளங்கி குளிரைத் தாங்கி விரைவாக முளைக்கும். யோகட் கப்பின் அடியில் மூன்று துளையிட்டு, ஒரு சென்ரிமீற்றர் ஆழத்தில் மூன்று விதை போடுங்கள். துளையில்லாத கப்பில் எந்த விதையும் பிழைக்காது.

மாசியில் இரவிரவாகக் காமன் கூத்து நடக்கும் தோட்டங்களில் பிள்ளைகள் தூக்கக் கண்ணோடு வருவார்கள். அந்த நாட்களில் புதுப் பாடம் தொடங்காதீர்கள். தப்படியின் தாளத்தில் கைதட்டிப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்ல வைத்தால் வகுப்பு விழித்துக்கொள்ளும்.

மே முதல் செப்டெம்பர் வரை அட்டன், மஸ்கெலியாப் பக்கம் தகரக் கூரையில் மழை விழுந்தால் ஆசிரியரின் குரல் இரண்டாம் வாங்குக்கே கேட்காது. கத்திப் பேசித் தொண்டையைக் கெடுத்துக்கொள்வதில் பயனில்லை. பிஸ்கட் பெட்டி அட்டையில் முப்பது வேலை அட்டைகளை ஏப்ரலிலேயே செய்து வையுங்கள். ஓர் அட்டையில் ஒரே வேலை, பின்பக்கத்தில் விடை. "ஐந்து கீற்றுகளைச் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கு" என்றெல்லாம் நீட்டாமல், "ஐந்து கீற்றை அடுக்கு" என்று பிள்ளை தானே வாசிக்கக்கூடிய அளவில் எழுதுங்கள். சுவரில் ஒட்டிய தாள்களும் இந்த மாதங்களில் ஈரத்தில் கழன்று விழும், பூஞ்சணம் பிடிக்கும். கயிறு கட்டி உடுப்புக் கிளிப்பில் தொங்கவிடுங்கள்.

மூடுபனியையும் அளக்கலாம். வாசலில் நின்றால் தெரியும் நான்கு இடங்களைத் தூர வரிசையில் எழுதுங்கள்: படலை, கோயில், தொழிற்சாலை, எதிர்மலை. இன்று எதுவரை தெரிகிறது என்பதே பதிவு. அதை ஒரு முழு வாக்கியமாக எழுத வைத்தால் தமிழ் வேலை. மழைக்கு வெஸ்ஸ, பனிமூட்டத்துக்கு மீதும என்று பக்கத்தில் சேர்த்தால் சிங்கள வேலை.

பதுளை, பசறைப் பக்கம் ஜூலை, ஆகஸ்டில் வறண்ட காற்று வீசும், பெருமழை அங்கே ஒக்டோபருக்குப் பிறகுதான். அட்டனில் ஒரு பாடசாலையும் பசறையில் ஒரு பாடசாலையும் மாத மொத்தத்தைக் கடிதத்தில் பரிமாறிக்கொண்டால் தரம் 4, 5 பிள்ளைகளுக்குக் கடிதம் எழுத உண்மையான காரணம் கிடைக்கும்.

கொழுந்து நிறுத்தலை வைத்து நிறை கற்பிக்கும்போது மட்டும் ஒரு கவனம் வேண்டும். "உங்கள் அம்மா இன்று எத்தனை கிலோ?" என்று வகுப்பில் கேட்காதீர்கள். அது வீட்டு வருமானத்தைக் கேட்பது. தாய் கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருக்கும் பிள்ளைக்கு அந்தக் கேள்வி இன்னும் வலிக்கும். மணல் நிரப்பிய ஒரு கிலோப் பையைத் தூக்கிப் பார்க்கக் கொடுத்தாலே போதும்.

ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமின்னல் அதிகம். மழைமானிப் பக்கம் காலையில் மட்டும் போகலாம், இடி கேட்டால் காலையிலும் வேண்டாம். டிசம்பரில் ஆண்டுப் பதிவை ஒரு கொப்பியில் பிரதி எடுத்து அலுமாரியில் வையுங்கள். வெயில் பட்ட போத்தல் ஓராண்டில் மங்கி, உடையத் தொடங்கும். ஜனவரிக்குப் புதுப் போத்தல் வெட்டி, பூச்சியக் கோட்டையும் புதிதாகப் போடுங்கள்.