எலி மருந்தை விடுங்கள், கூகைக்குப் பெட்டி வையுங்கள்

மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கம் ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் என்று செம்பனை (எண்ணெய்ப் பனை) வைத்திருக்கும் நம்மவர்களுக்காக எழுதுகிறேன். குலையை எலி கடித்தது தெரிந்தவுடன் மருந்துக் கட்டி வாங்கி வந்து மரத்தடியில் போடுகிறோம். வேண்டாம். புரோடிபாகும் போன்ற கடும் மருந்தைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாட்கள் தள்ளாடித் திரிகிறது. அதைப் பிடித்துத் தின்னும் கூகை என்ற ஆந்தையின் ஈரலில் மருந்து தங்கி, உள்ளே இரத்தம் கசிந்து அதுவும் சாகிறது. எலி சீக்கிரமே மறுபடி பெருகிவிடும். கூகை அப்படிப் பெருகாது.

முதலில் தோட்டத்தைச் சுற்றிப் பாருங்கள். பழத்தில் பல் பட்ட இடம் ஈரமாக இருந்தால் புதிய கடி. கறுத்துக் காய்ந்திருந்தால் பழையது. புதியதை மட்டும் எண்ணுங்கள். நூறு மரங்களில் ஐந்துக்கு மேல் இருந்தால்தான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். அப்போதும் வார்பரின் வகையையே கேட்டு வாங்குங்கள். கூகைக்கு அதனால் ஆபத்து குறைவு.

கூகை குடியிருக்கும் பெட்டிக்கு மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலமுள்ள பலகைக்கூடு போதும். அடியில் தண்ணீர் வடிய நாலைந்து துளைகள் போடுங்கள். வாசலுக்கு வெளியே ஒரு பலகையை நீட்டிவிட்டால் குஞ்சுகள் அதில் நின்று இறக்கை அடித்துப் பழகும். பதினைந்தடிக் கம்பத்தில், மட்டை நிழல் விழும் இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். பாம்பு ஏறாதபடி கம்பத்தைச் சுற்றித் தகரம் அடியுங்கள்.

பத்து ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 25 ஏக்கருக்கு, ஒரு பெட்டி என்பது பொதுக் கணக்கு. ஆகவே பக்கத்துத் தோட்டக்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களில் ஒருவர் கடும் மருந்து போட்டாலும் எல்லோருடைய கூகையும் போய்விடும். கூகை அலறினால் சாவு விழும் என்று தோட்டக் குடியிருப்பான லயத்தில் பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பயத்தில் பெட்டியின் மேல் கல்லெறியும் பிள்ளைகளைத் தடுங்கள். குஞ்சுகளோடு இருக்கும் ஒரு ஜோடி ஆண்டுக்கு ஆயிரம் எலிகளைத் தின்னும்.

குடி வந்துவிட்டதா என்று கம்பத்தடியில் பாருங்கள். கூகை கக்கிய, கட்டைவிரல் பருமனுள்ள கறுப்பு உருண்டைகள் கிடக்கும். ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தால் மயிருக்கு நடுவே எலியின் மண்டையோடும் மஞ்சள் முன்பற்களும் முழுசாக இருக்கும்.

பூச்சி மருந்திலும் அதே கவனம் வேண்டும். தோட்டத்தில் பெண்பூவுக்கு மகரந்தத் தூள் ஊதும் வேலை செய்தவள் நான். முள் கீறாத நாளில்லை. 1981இல் கேமரூனிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அன்றிலிருந்து அந்த வேலையை அதுவே செய்கிறது. கண்டபடி மருந்தடித்தால் அந்த வண்டும் சாகும், காய்ப்பு குறையும். இலையைத் தின்னும் ஊலாட் புங்குஸ் என்ற பைப்புழு வராமலிருக்க, பாதையோரம் பூங்கா புக்குல் லாப்பான் (எட்டு மணிப் பூ) செடியை நடுங்கள். புழுவின் உடலில் முட்டையிடும் குளவிகளுக்கு அதன் தேன்தான் தீனி.

களைக்கொல்லியை மரத்தைச் சுற்றியுள்ள வட்டத்தோடு நிறுத்துங்கள். ஆற்றோரப் புல்லைத் தொடவே வேண்டாம். பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு 2020 முதல் நம் நாட்டில் தடை. பழைய புட்டி இருந்தாலும் எடுக்காதீர்கள். வெட்டிய மட்டைகளை எரிக்காமல் வரிசைக்கு நடுவே அடுக்கினால் மண்ணுக்கு உரம்.

ஆண்டுக்கு ஒருமுறை, குஞ்சுகள் இல்லாத சமயம் பார்த்துப் பெட்டியைச் சுத்தம் செய்து, உளுத்த பலகையை மாற்றுங்கள்.