இனிப்பு நீரால் கண்ணுக்கு எவ்வளவு ஆபத்து? பச்சைப் புத்தகத்தை எடுங்கள், கணக்குப் பார்ப்போம்

எங்கள் அப்பா சுங்கை சிப்புட் பக்கத் தோட்டத்தில் குலை வெட்டியவர். செம்பனை மரத்தடியில் நின்றே மேலே எந்தக் குலை பழுத்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அதனால் கிளினிக்கில் கண் படம் எடுக்கக் கூப்பிட்டால், "எனக்குத்தான் நல்லா தெரியுதே" என்று தட்டிக் கழித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் எடுத்தபோது இரண்டு கண்ணிலும் சின்னச் சின்ன ரத்தப் புள்ளிகள். இனிப்பு நீர் (நீரிழிவு) விழித்திரையைக் கெடுக்கத் தொடங்கும் காலத்தில் பார்வையில் ஒரு மாற்றமும் தெரியாது, வலியும் இருக்காது. ஆகவே நல்லா தெரிவதைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

சரி, எதைச் சேர்ப்பது? கிளினிக்கில் இனிப்பு நீர் விவரங்களை எழுதிக் கொடுத்த பச்சைப் புத்தகத்தை எடுங்கள்.

முதலில் வருஷம். இனிப்பு நீர் வந்து எத்தனை ஆண்டு ஆகிறதோ அதற்கேற்ப ஆபத்தும் ஏறும். ஆனால் புத்தகத்தில் இருப்பது கண்டுபிடித்த தேதிதான், வந்த தேதி இல்லை. இரண்டாம் வகை இனிப்பு நீர் பல ஆண்டு சத்தமில்லாமல் இருந்துவிட்டுத்தான் அகப்படும், அதனால் அந்த வகைக்காரர்கள் கண்டுபிடித்த உடனேயே கண்ணையும் காட்ட வேண்டும். முதல் வகை என்றால் ஐந்து ஆண்டுக்குள் காட்டினால் போதும்.

அடுத்தது ஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை, இதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். விரலைக் குத்திப் பார்க்கும் 8.2 அந்த நேரத்துச் சர்க்கரை, ஏ1சி 8.2 சதவீதம் என்பது ஏறக்குறைய மூன்று மாத சராசரி. இரண்டும் ஒன்றல்ல, மாற்றி எழுதினால் கணக்கே கோணலாகிவிடும். டெஸ்டுக்கு முந்தின வாரம் மட்டும் சோற்றைக் குறைத்துக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள் (எங்கள் வீட்டிலேயே ஒருவர்), ஏ1சியிடம் அந்தப் பாச்சா பலிக்காது. கடைசி மூன்று ஏ1சியையும் வரிசையாக எழுதிப் பாருங்கள், ஏறுகிறதா இறங்குகிறதா என்பது ஒற்றை எண்ணைவிட அதிகம் சொல்லும். இனிப்பு நீர் பற்றி பிரிட்டனில் நடந்த யூகேபிடிஎஸ் ஆய்வில், ஏ1சி 1 சதவீதம் குறைவாக இருந்தவர்களுக்குக் கண், கிட்னி போன்ற சிறு ரத்த நாளக் கோளாறுகள் 37 சதவீதம் குறைவாக இருந்தன.

அப்புறம் ரத்த அழுத்தம்: 130/80ஐத் தாண்டியே நிற்கிறதா பாருங்கள். சிறுநீரில் புரதம் கசிவதாக எழுதியிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், கிட்னியின் சிறு நாளம் கெட்டிருந்தால் கண்ணில் இருப்பதும் அதே மாதிரி நாளம்தான். கொலஸ்ட்ரால், சிகரெட் இரண்டும் இதன் பின்னால் வரும்.

இந்த எண்களை வைத்துக் கணக்குப் போட ஐஸ்லாந்துக்காரர்கள் செய்த ரெட்டினாரிஸ்க் என்ற செயலி இருக்கிறது. போட்டுப் பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் அதில் கண்ணில் ஏற்கெனவே பாதிப்பு உண்டா என்று ஒரு கேள்வி வரும், படம் எடுக்காமல் அதற்கு எப்படிப் பதில் சொல்வீர்கள்? அப்பாவைக் கேட்டிருந்தால் "இல்லை" என்றுதான் தட்டியிருப்பார். கணக்கில் ஆபத்து குறைவாக வந்தாலும் படத்தைத் தள்ளிப்போடாதீர்கள். பாதிப்பு இல்லையென்றால் வருஷத்துக்கு ஒருமுறை, இருந்தால் டாக்டர் சொல்கிறபடி இன்னும் சீக்கிரமாக.

இரண்டு பேர் மட்டும் இந்தக் கணக்கை நம்பி உட்காரக் கூடாது. ஏற்கெனவே இனிப்பு நீர் இருந்து கர்ப்பமானவர்கள் முதல் மூன்று மாதத்துக்குள் கண்ணைக் காட்டிவிட வேண்டும். ஏ1சி ரொம்ப அதிகமாக இருந்து, இன்சுலின் போட்டு மளமளவென்று இறங்குகிறவர்களுக்குக் கண் பாதிப்பு கொஞ்ச காலம் மோசமாகலாம். அதற்காக மருந்தை நிறுத்திவிடாதீர்கள், கண்ணை அடிக்கடி பார்க்கச் சொல்லுங்கள். திடீரென்று கறுப்புப் புள்ளிகள் மிதந்தாலோ திரை விழுந்த மாதிரி இருந்தாலோ புத்தகத்தைத் தேட வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

படம் எடுக்கப் போகும்போது மோட்டார் சைக்கிளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கண் பாப்பா விரிய சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் எல்லாம் மங்கல், வெயில் வேறு கூசும். சொன்னேன், அப்பா கேட்கவில்லை. எதிரில் இருந்த ஒட்டுக்கடையில் தே ஓ கொசோங் (பாலும் சர்க்கரையும் போடாத டீ) குடித்துக்கொண்டு சாயங்காலம் வரைக்கும் மோட்டாருக்குக் காவல் இருந்தார்.