பிள்ளையின் சுட்டுவிரல் நகம் பிறவியிலேயே வித்தியாசமாக இருந்தால்

பிறந்த பிள்ளையின் சுட்டுவிரல் நகம் பாதியாகவோ, நடுவில் இடைவெளி விட்டு இரண்டாகவோ, சுருண்டோ, அல்லது இல்லாமலேயோ இருந்தால், முதலில் அதில் எதையும் பூசாதீர்கள். பார்மசியில் காட்டினால் பங்கஸ் கிரீம் ஒன்றைத் தந்துவிடுவார்கள், ஆனால் பிறக்கும்போதே அப்படி இருந்த நகத்தை எந்தக் கிரீமாலும் மாற்ற முடியாது. கிரகணத்தில் வெளியே போனாயா, என்னத்தைச் சாப்பிட்டாய் என்று தாயைக் குடைகிறவர்களையும் வாசலிலேயே நிறுத்துங்கள், அவளில் ஒரு பிழையும் இல்லை.

சரி, இப்போது நல்ல வெளிச்சத்தில் பத்து விரலையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரு கையிலோ இரண்டு கையிலுமோ சுட்டுவிரலில் மட்டும் என்றால், இசோ-கிக்குச்சி என்ற அரிய பிறவிக் குறைபாடாக இருக்கலாம். ஜப்பானில் 1969இல் இசோவும் 1974இல் கிக்குச்சியும் இதை விவரித்ததால் அந்தப் பெயர். அநேகமாகக் குடும்பத்தில் வேறு யாருக்கும் இருக்காது, சில குடும்பங்களில் மட்டும் பரம்பரையாக வரும். நகத்துக்கு அடியில் உள்ள விரல் நுனி எலும்பும் சில பிள்ளைகளுக்கு மாறியிருக்கும், பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்தால் அந்த எலும்பின் நுனி கவை மாதிரி இரண்டாகப் பிரிந்து தெரியும். நேராக எடுத்த படத்தில் இது தப்பிவிடலாம், அதனால் பக்கவாட்டுப் படமும் வேண்டுமா என்று டொக்டரிடம் நீங்களே கேளுங்கள்.

ஆனால் பெருவிரல் நகம்தான் மோசம், சின்னவிரல் பக்கம் போகப் போகச் சரியாக இருக்கிறது, நகத்தின் அடியில் உள்ள வெள்ளைப் பிறை முக்கோணமாக இருக்கிறது, முழங்கால் சில்லும் சின்னதாகத் தட்டுப்படுகிறது என்றால் கதை வேறு. அது நகம்-முழங்கால்சில்லு சிண்ட்ரோமாக இருக்கலாம். எல்எம்எக்ஸ்1பி என்ற மரபணுவில் வரும் மாற்றம் அது, சிறுநீரகத்தையும் பாதிக்கலாம், பிறகு கண்ணில் அழுத்தமும் கூடலாம். சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்கச் சொல்லிக் கட்டாயம் கேளுங்கள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஆகவே உங்கள் நகங்களையும் ஒருதரம் பாருங்கள்.

கொழும்பில் இருப்பவர்கள் வீட்டுக்கு வரும் மிட்வைஃபிடம் காட்டிப் பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் எழுதுவித்துக்கொண்டு, பொரளை லேடி ரிட்ஜ்வே ஆஸ்பத்திரி ஓபிடிக்குப் போகலாம், அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் காசு இல்லை. சிங்களம் அவ்வளவாக ஓடாது என்றால் கேட்கவேண்டியதை முன்கூட்டியே யாரையாவது கொண்டு ஒரு துண்டில் எழுதுவித்துக்கொள்ளுங்கள், வரிசையில் நின்று களைத்துப்போனால் பாதி மறந்துவிடும். மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று என்று நகத்தைப் படமெடுத்துத் தேதியோடு போனில் வைத்திருங்கள்.

வீட்டில் குளிப்பாட்டிய பிறகு நகம் மெத்தென்று இருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள், சுருண்ட மூலையைத் தோண்ட வேண்டாம். சுற்றிவரச் சிவந்து வீங்கினாலோ சீழ் தெரிந்தாலோ அன்றைக்கே காட்டுங்கள். நகத்தைக் கழற்றிவிட்டால் நல்லதாக முளைக்கும் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள், நகம் முளைக்கும் இடமே அப்படி அமைந்திருப்பதால் திரும்பவும் அதே நகம்தான் வரும். வலியோ, அடிக்கடி சீழ் பிடிப்பதோ இல்லையென்றால் சத்திரசிகிச்சைக்கு அவசரமில்லை, பிள்ளை வளர்ந்து தனக்கு வேண்டும் என்று கேட்டால் அப்போது கை சத்திரசிகிச்சை நிபுணரிடம் பேசலாம்.