தோள்பட்டை வலியா? கையை ஊன்றாமல் கோர் பயிற்சி செய்வது எப்படி

முன்னங்கையையும் கால்விரலையும் ஊன்றி உடம்பை நேராகப் பிடிக்கும் பிளாங்க் போட்டு 20 வினாடி ஆவதற்குள் தோள்பட்டை சுருக்கென்று குத்தும். வயிறோ இன்னும் களைத்திருக்காது. நான்கு மாதம் இப்படித்தான் ஓட்டினேன். பரணில் இருக்கும் டப்பாவை எடுக்க வலது கையைத் தூக்கினாலே உயிர் போகும். பல்லைக் கடித்துக்கொண்டு செய், பழகிவிடும் என்றார் ஒருவர். எல்லாவற்றையும் நிறுத்திவிடு என்றார் இன்னொருவர். இரண்டுமே வேண்டாம் என்று பிறகுதான் புரிந்தது. வயிற்றுக்கு வேலை கொடுக்கத் தோளைச் சிரமப்படுத்த வேண்டிய அவசியமே இல்லை.

கோர் என்பது முன்வயிறு மட்டும் இல்லை. பக்கவாட்டுத் தசைகள், பெல்ட் மாதிரி இடுப்பைச் சுற்றியிருக்கும் உள்தசை, முதுகெலும்பை ஒட்டிய தசைகள், மேலே உதரவிதானம், கீழே இடுப்புத்தளத் தசை எல்லாம் சேர்ந்ததுதான் கோர். கையோ காலோ அசையும்போது நடுவுடம்பு ஆடாமல் பிடித்துக்கொள்வது அதன் முக்கியமான வேலை. கை சும்மா இருந்து கால் மட்டும் அசைந்தாலும் அந்த வேலை நடக்கும். இந்தப் பதிவில் உள்ள பெரும்பாலான மாற்றங்கள் அதை வைத்துத்தான்.

தோள் மூட்டின் குழி ஆழமில்லாதது. அதில் உட்கார்ந்திருக்கும் பந்தை நழுவாமல் பிடிப்பவை ரொடேட்டர் கஃப் என்கிற 4 தசைகள். அவை புண்பட்டிருக்கும்போது மூன்று நிலைகள் ஆகாது: கையில் உடல் எடையை ஊன்றுவது, கையைத் தலைக்கு மேல் நீட்டுவது, பிடரியில் கை கோத்து முழங்கையை விரிப்பது. பிளாங்க், டெட் பக் (மல்லாந்து படுத்துக் கையையும் காலையும் நீட்டி மடக்குவது), சிட்-அப் மூன்றிலும் இவற்றில் ஒன்று வந்துவிடுகிறது.

முதலில் இதைப் பாருங்கள்

விழுந்து அடிபட்ட பிறகு கையைத் தூக்கவே முடியவில்லை, கை மரத்துப்போகிறது, இரவில் தூங்கவிடாமல் வலிக்கிறது என்றால் பயிற்சியைத் தொடங்காமல் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். இடது தோள் வலியோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல் சேர்ந்து வந்தால் அது இதயக் கோளாறாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஃப்ரோசன் ஷோல்டர் (தோள் இறுகி அசைக்க முடியாமல் போவது) வர வாய்ப்பு அதிகம். நாளுக்கு நாள் தோள் இறுகிக்கொண்டே போனால் தள்ளிப்போடாதீர்கள்.

வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள். பயிற்சியின்போது தோளில் 3-க்கு மேல் போனால் அந்தப் பயிற்சியை விட்டுவிடுங்கள். மறுநாள் காலையில் வலி கூடியிருந்தால் முந்தின நாள் செய்தது அதிகம் என்று அர்த்தம்.

படி 1: படுக்கையும் மூச்சும்

தரையில் பாய் விரித்து மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கிப் பாதத்தை ஊன்றுங்கள். வலிக்கிற பக்கத்து மேல்கைக்கு அடியில் மடித்த போர்வையை வையுங்கள். பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். முழங்கை பின்னால் சரிந்து தரையில் கிடந்தால் தோளின் முன்பக்கம் இழுபடும், சும்மா படுத்திருந்தாலே வலிக்கும். போர்வை வைத்ததும் அந்த இழுப்பு விடுவது தெரியும்.

இரண்டு உள்ளங்கையையும் அடிவயிற்றில் வையுங்கள். மூக்கால் இழுத்து, வாயால் மெதுவாக ஊதுங்கள். ஊதி முடிக்கும்போது வயிறு தானாக இறுகும். பலமாக இருமப்போகும் நொடியில் வயிறு எப்படி இறுகுமோ அதில் பாதி போதும். அந்த இறுக்கத்தை விடாமல் 5 முறை மூச்சு விடப் பழகுங்கள்.

படி 2: கை இல்லாத டெட் பக்

இந்த ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே பாதி வேலை முடிந்துவிடும், அதனால் அவசரப்படாதீர்கள்.

வழக்கமான டெட் பக்கில் கையும் காலும் எதிரெதிராக நீளும். நாம் கையை வயிற்றிலேயே விட்டுவிடுகிறோம். முதல் வாரம் ஒரு குதிகாலைத் தரையோடு தேய்த்தபடி நீட்டி, திரும்ப மடக்குங்கள். பக்கத்துக்கு 8 தடவை, 2 செட். அது சுலபமானதும் இரண்டு முழங்காலையும் இடுப்புக்கு நேர்மேலே தூக்கி வைத்துக்கொண்டு, ஒரு குதிகாலை மட்டும் இறக்கித் தரையைத் தொட்டுத் திரும்புங்கள். இறக்கும்போது மூச்சை ஊதுங்கள்.

சரியாகச் செய்கிறோமா என்று எப்படித் தெரியும்? ஒரு மெல்லிய துண்டை இடுப்புக்கு அடியில் குறுக்கே போட்டு, ஒரு நுனியை வீட்டில் யாரையாவது இழுக்கச் சொல்லுங்கள். காலை இறக்கும்போது துண்டு நகராமல் சிக்கி நின்றால் கோர் வேலை செய்கிறது. சர்ரென்று உருவிக்கொண்டு வந்தால் முதுகு தூக்கிவிட்டது. காலை அவ்வளவு கீழே கொண்டுபோகாதீர்கள். என் துண்டு மூன்றாவது தடவையிலேயே மகளின் கைக்குப் போய்விட்டது. இரண்டு வாரம் கழித்துத்தான் 8 தடவையும் நின்றது.

படி 3: பிரிட்ஜ்

அதே படுக்கையில் குதிகாலை அழுத்தி இடுப்பைத் தூக்கி, 5 வினாடி நிறுத்தி இறக்குங்கள். 10 தடவை. கையால் தரையை அழுத்தாதீர்கள்.

படி 4: சிட்-அப்புக்குப் பதில்

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பை ஆராய்ந்த பேராசிரியர் ஸ்டூவர்ட் மெக்கில் பரிந்துரைக்கும் கர்ல்-அப் இது. ஒரு காலை மடக்கி, மற்றதை நீட்டி, தலையையும் தோளையும் தரையிலிருந்து கொஞ்சம் மட்டும் தூக்கி 8 வினாடி நிறுத்த வேண்டும். கீழ்முதுகுக்கு அடியில் உள்ளங்கையை வைத்துக்கொள்வது வழக்கம். கையை அப்படி முதுகுக்குப் பின்னால் திருப்புவதே பலருக்கு வலிக்கும். அந்த இடத்தில் மடித்த துண்டை வைத்துவிட்டுக் கையை வயிற்றில் வையுங்கள். 5 தடவை போதும்.

படி 5: பக்கவாட்டுக்கு நல்ல கையை மட்டும் வைத்து

ஒரே கையை வைத்தால் ஒரு பக்கம்தானே பலமாகும் என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. உங்களுக்கு வலது தோள் வலி என்று வைத்துக்கொள்வோம். இடது கையில் கால்வாசித் தண்ணீர் நிரப்பிய வாளியைத் தூக்கி, உடம்பு சாயாமல் 20 அடி நடங்கள். உடம்பை நிமிர்த்திப் பிடிப்பது வலது இடுப்புப் பக்கம். வலது பக்கத்துக்கான பயிற்சி முடிந்தது.

அடுத்து இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, இடது முழங்கையை ஊன்றி, முழங்காலை மடக்கியபடியே இடுப்பைத் தூக்கி 10 வினாடி நில்லுங்கள். இப்போது தாங்குவது தரைப்பக்கம் இருக்கிற இடது இடுப்பு. வலது கை சும்மா இடுப்பின் மேல் கிடக்கட்டும். நல்ல கையை மட்டும் வைத்தே இரண்டு பக்கமும் முடிந்துவிட்டது. இரண்டு தோளும் வலிக்கிறது என்றால் இந்தப் படியே வேண்டாம்.

வாரத்துக்கு 3 நாள், ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யுங்கள். மொத்தம் 15 நிமிடம்தான் ஆகும்.

பிளாங்குக்குத் திரும்புவது

தலைசீவும்போதும் சட்டை மாட்டும்போதும் 2 வாரம் தொடர்ந்து வலி இல்லையென்றால் சுவரில் தொடங்கலாம். இரண்டு முன்னங்கையையும் சுவரில் வைத்து, ஒரு எட்டு பின்னால் நின்று, சுவரைத் தள்ளுங்கள். தோள் காதை நோக்கி ஏறக்கூடாது. 20 வினாடி, 3 தடவை. ஒரு வாரம் சிக்கலில்லாமல் போனால் சமையல் மேடை, அதன்பின் கட்டில் விளிம்பு, கடைசியாகத் தரை. ஒவ்வொரு இடத்திலும் குறைந்தது ஒரு வாரம். எங்காவது வலி 3-ஐத் தாண்டினால் அதற்கு முந்தின இடத்துக்கே திரும்பிவிடுங்கள். நான் சமையல் மேடையிலேயே 3 வாரம் நின்றேன். இப்போது தரையில் 30 வினாடி, தோள் குத்துவதில்லை.