ஜெர்மனியில் ஒரு நாட்டுப்புற மாவட்டத்தைப் படிப்பது எப்படி

தாராபுரத்தில் பல காலம் புவியியல் பாடம் நடத்தியவன் நான். நம்ம பக்கத்துப் பிள்ளைகள் ஜெர்மனிக்குக் கிளம்பும்போது, "அந்த ஊரு எப்படிங்க சார் இருக்கும்?" என்று கேட்பார்கள். பெர்லின், மியூனிக் என்றால் சொல்ல ஆயிரம் பேர் உண்டு. நாட்டுப்புற மாவட்டம் என்றால் நீங்களேதான் படித்துக்கொள்ள வேண்டும். தென் ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் இருக்கிற டோனாவ்-ரீஸ் மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம்.

முதலில் மாவட்ட எல்லையைத் தேடாதீர்கள். கூகுள் மேப்பில் நோர்ட்லிங்கன் என்ற ஊரைத் தேடி, செயற்கைக்கோள் படத்துக்கு மாற்றுங்கள். ஊரைச் சுற்றி வட்டமாக ஒரு கோட்டை மதில் தெரியும். நீளம் சுமார் 2.7 கிலோமீட்டர், மேலேயே முழுதும் நடந்து வரலாம். இப்போது படத்தை நன்றாகச் சுருக்குங்கள். அதைவிட மிகப் பெரிய இன்னொரு வட்டம் எழும்பும். நடுவே வயல், ஓரமெல்லாம் காடு. அதுதான் ரீஸ் பள்ளம். சுமார் 1.5 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்து உண்டான, 24 கிலோமீட்டர் அகலக் குழி. பிறகு அது ஏரியானது, வண்டல் படிந்தது, இன்று செழிப்பான விவசாய நிலம். வோர்னிட்ஸ் ஆறு இந்தச் சமவெளியைக் கடந்து, ஹார்புர்க் கோட்டைக்குக் கீழே மலை இடுக்கில் நுழைந்து, டோனாவ்வோர்த்தில் டான்யூபில் கலக்கிறது.

இதை எரிமலை வாய் என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். 1960-களின் தொடக்கத்தில் ஷூமேக்கர், சாவ் என்ற இரு அறிவியலாளர்கள், பேரழுத்தத்தில் மட்டுமே உருவாகும் கோயெசைட் கனிமத்தை இங்குள்ள கல்லில் கண்டு உண்மையை நிறுவினார்கள். நோர்ட்லிங்கன் தேவாலயக் கோபுரமே அந்தக் கல்லால் கட்டியதுதான். கிட்டப் போய்ப் பாருங்கள்: சாம்பல் நிறக் கல்லுக்குள் கருப்பாகக் கண்ணாடித் துணுக்குகள் சிதறிக் கிடக்கும். உருகித் தெறித்த பாறை அது. நிலாவுக்குப் போகுமுன் அப்பல்லோ 14 வீரர்கள் 1970-இல் இங்கே வந்து பாறை படித்தார்கள் என்பதை எந்த வகுப்பிலும் நான் சொல்லாமல் விட்டதில்லை.

அடுத்து, யார் ஆண்டார்கள் என்று பாருங்கள். அதற்குச் சுலபமான வழி, ஒவ்வொரு ஊரிலும் இருப்பது கத்தோலிக்கக் கோயிலா, லூத்தரன் (புராட்டஸ்டண்ட்) கோயிலா என்று கவனிப்பது. 1555 ஆக்ஸ்பர்க் உடன்பாட்டின்படி அரசன் மதமே குடிகளின் மதம் என்பதால், பழைய ஆட்சி எல்லைகள் கோயில்களில் இன்னும் தங்கியிருக்கின்றன. இங்கே ஓட்டிங்கன் பிரபு வம்சமே மதத்தால் இரண்டாகப் பிரிந்திருந்தது. நோர்ட்லிங்கன், எந்தப் பிரபுவுக்கும் இல்லாமல் புனித ரோமப் பேரரசருக்கு மட்டும் கட்டுப்பட்ட லூத்தரன் நகரம். 1803 வாக்கில்தான் பவேரியாவிடம் வந்தது. டோனாவ்வோர்த்தில் 1606-இல் கத்தோலிக்க ஊர்வலத்தை ஒட்டி மூண்ட கலகத்தைச் சாக்கிட்டு, மறு ஆண்டே பவேரியா அந்நகரைப் பிடித்தது. ஐரோப்பாவில் 1618-இல் தொடங்கிய முப்பதாண்டுப் போருக்குப் பகை வளர்த்த சம்பவங்களில் அதுவும் ஒன்று.

மாவட்ட எல்லைக்குக் கடைசியாக வாருங்கள். அதற்கு வயது குறைவு: 1972 சீர்திருத்தத்தில் நோர்ட்லிங்கன், டோனாவ்வோர்த் பகுதிகளைச் சேர்த்தார்கள்; மறு ஆண்டு இன்றைய பெயரை வைத்தார்கள். தலைநகரம் டோனாவ்வோர்த். நம்ம தாராபுரமும் கோவையிலிருந்து 1979-இல் பெரியார் மாவட்டத்துக்கும், 2009-இல் திருப்பூர் மாவட்டத்துக்கும் போனது. எங்க ஊர் அமராவதி ஆறு மட்டும் போகிற வழியிலேதான் போகிறது.

நிர்வாகத்தில் ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே மாவட்டத் தலைவரை லாண்ட்ராட் என்பார்கள். நம்ம கலெக்டர் மாதிரி அரசு அனுப்பி வைப்பவர் அல்ல. பவேரியாவில் ஆறு ஆண்டுக்கு ஒருமுறை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

அங்கே இறங்கியதும் வண்டி நம்பர் பலகைகளைப் பாருங்கள். பெரும்பாலும் டோனாவ்வோர்த்தைக் குறிக்கும் எழுத்துகள்தான் இருக்கும். நடுநடுவே நோர்ட்லிங்கனின் பழைய எழுத்துகளும் தென்படும். மாவட்டம் இணைந்தபின் நின்றுபோனவை அவை. 2013 முதல் விரும்பியவர்கள் மறுபடி வாங்கிக்கொள்ளலாம். அந்தப் பலகை வைத்திருக்கும் ஒருவரிடம் காரணம் கேளுங்கள். ஊர்ப் பேச்சு அங்கிருந்து தொடங்கும்.