ஹேஷ்கேஷ் முத்திரை: லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும்

மெயில் கிளம்பும்முன் நம் கணினி ஒரு கணக்கைப் போட்டு, போட்டதற்கான சாட்சியைத் தலைப்புப் பகுதியில் ஒட்டி அனுப்பும். அந்தச் சாட்சிதான் முத்திரை. பத்துப் பேருக்கு எழுதுகிறவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. பத்து லட்சம் பேருக்கு ஸ்பேம் தள்ளுகிறவருக்கு முதுகு ஒடிந்துவிடும். 1997-ல் ஆடம் பேக் முன்வைத்த ஹேஷ்கேஷ் இதுதான். பிட்காயினின் மைனிங்கும் இதே யோசனையிலிருந்து கிளைத்ததுதான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஸ்பேமை வடிகட்டும் மென்பொருளான ஸ்பேம்அசாசினில் இதற்கென்று இருந்த பிளக்இன்னை எடுத்துவிட்டார்கள். பெறுபவரின் சர்வரில் நீங்களோ நண்பரோ சோதனை வைத்திருந்தால்தான் இதில் பயன்.

நிறுவுவது எளிது. நிறுவும் கருவி உபுண்டு, டெபியனில் ஏபிடி, மேக்கில் ஹோம்ப்ரூ. இரண்டிலும் பேக்கேஜ் பெயர் ஹேஷ்கேஷ்தான். விண்டோஸ்காரர்கள் டபிள்யூஎஸ்எல்லுக்குள் (விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓட்டும் வசதி) உபுண்டு போட்டுக்கொள்ளுங்கள். யாரோ எப்போதோ ஏற்றிவைத்த இஎக்ஸ்இ கோப்பை இறக்கி ஓட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

முத்திரை அடிக்க: ஹேஷ்கேஷ் என்று தட்டி, ஓர் இடைவெளி, கழித்தல் குறி, அதோடு ஒட்டியே சின்ன எம், சின்ன பி, 20. மறுபடி இடைவெளி விட்டுப் பெறுபவரின் முகவரி. பெரிய எக்ஸையும் சேர்த்தால் மெயிலில் அப்படியே ஒட்டக்கூடிய தலைப்பு வரியாக வரும். 20 என்பது விடையின் தொடக்கத்தில் பூஜ்யமாக இருக்க வேண்டிய பிட்களின் எண்ணிக்கை. அதற்குச் சராசரியாக 10,48,576 முயற்சி. இன்றைய கணினிக்குச் சும்மா. ஒரு பிட் கூட்டினால் வேலை இரட்டிப்பாகும்.

கிடைக்கும் முத்திரையில் முக்காற்புள்ளியால் பிரித்த ஏழு கட்டங்கள்: பதிப்பு, பிட், தேதி, முகவரி, கூடுதல் விவரம், குருட்டாம்போக்கில் எடுத்த ஓர் எழுத்துச்சரம், கடைசியில் கவுன்ட்டர். ஐந்தாவது பெரும்பாலும் காலி. அதனால் இரண்டு முக்காற்புள்ளிகள் ஒட்டி நிற்கும். தட்டுப்பிழை என்று ஒன்றை அழித்துவிடாதீர்கள்.

இனி என்னை ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார வைத்த இடம். முத்திரை நிஜமாகவே சரிதானா என்று கையால் பார்க்க ஆசைப்பட்டேன். பதிப்பு எண்ணிலிருந்து கடைசிவரை மொத்த முத்திரையையும் எஸ்எச்ஏ-1 (எந்த உரையையும் ஒரே நீள எண்ணாக மாற்றும் ஹேஷ் கணக்கு) போட்டால் விடை குறைந்தது ஐந்து பூஜ்யங்களோடு தொடங்க வேண்டும் (பதினாறடிமான எண்ணில் ஓர் இலக்கம் நான்கு பிட்). எனக்கு வந்ததோ ஒன்பதில் தொடங்கிய ஏதோ ஒன்று. திரும்பத் திரும்ப முத்திரை அடித்தேன், பிட்டைக் குறைத்தேன், கருவியையே சந்தேகப்பட்டேன். குற்றவாளி, முத்திரையை அந்தக் கணக்குக்குள் அனுப்ப நான் பயன்படுத்திய எக்கோ கட்டளை! வரிக் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு புதுவரி எழுத்தை அதுவாகவே சேர்த்துவிடுகிறது. ஒரே ஒரு பைட் கூடினாலும் ஹேஷ் தலைகீழாக மாறிவிடும். எக்கோவுக்குக் கழித்தல் என் கொடுத்தால் போதும் என்பார்கள். மேக்கின் எஸ்எச் ஷெல்லில் அந்த கழித்தல் என்னையே அச்சடித்து வைக்கும். பிரின்ட்எஃப் பயன்படுத்துங்கள், எங்கும் ஒரே மாதிரி நடக்கும். அதை பைப் வழியாக லினக்ஸில் எஸ்எச்ஏ1சம், மேக்கில் எஸ்எச்ஏசம் கட்டளைக்குள் விடுங்கள்.

விண்டோஸில் இதே கூத்து இன்னும் மோசம். பவர்ஷெல் 5.1-ல் அம்புக்குறி போட்டுக் கோப்பில் சேமித்தால் அது யூடிஎஃப்-16 ஆகிவிடும், ஒவ்வோர் எழுத்துக்கும் இரண்டு பைட். நோட்பேடில் ஒட்டி, கடைசியில் என்டர் தட்டாமல், பிஓஎம் (கோப்பின் தொடக்கத்தில் ஒட்டும் அடையாள பைட்டுகள்) இல்லாத யூடிஎஃப்-8 ஆகச் சேமித்து, விண்டோஸிலேயே இருக்கும் செர்ட்யுடில் கட்டளையிடம் எஸ்எச்ஏ-1 போடக் கொடுத்தால் ஐந்து பூஜ்யமும் வரிசையாக வந்து நிற்கும்.

பிற்சேர்க்கை: "முதல் தடவை செல்லும் என்றது, அதே முத்திரையை மறுபடி சோதித்தால் செல்லாது என்கிறது" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஹேஷ்கேஷ் கட்டளையால் சோதிக்கும்போது சின்ன டி கொடுத்தால், செலவான முத்திரைகளை ஒரு கோப்பில் குறித்துவைத்து, இரண்டாம் முறை வந்தால் தள்ளிவிடும். வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு அது. சும்மா பரிசோதிக்கும்போது டி வேண்டாம், அதற்குப் பதில் சின்ன ஒய் கொடுங்கள். டி இல்லாமலும் செல்லாது என்றால் கணினிக் கடிகாரத்தைப் பாருங்கள், முத்திரைக்குள் தேதி இருக்கிறது.

இன்னொன்று: முகவரி முத்திரையில் அப்பட்டமாகத் தெரியும். பிசிசியில் (மற்றவர்களுக்குத் தெரியாமல் நகல் பெறுபவர் பட்டியல்) இருப்பவருக்கும் முத்திரை அடித்து ஒரே மெயிலில் ஒட்டினால் குட்டு உடைந்துவிடும். அவருக்குத் தனியாக அனுப்புங்கள்.